யார் கால் அது

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை என்றைக்கும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஆளாளுக்கு என்னைத் துணிச்சல்காரி என்று புகழ ஆரம்பித்தார்கள், எனக்கு எரிச்சலாக வந்தது. சாலையைக் கடக்கவே துணைக்கு யாராவது பெரியவரைத் தேடுகிற ஆள் நான். அவருக்கு உதவுகிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, அவர் மறைவில் நான் கடந்துவிடுவேன்.

பேக்கரியிலிருந்து ரொட்டியும் பன்னும் ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்குவது என் கணவரின் வேலை. வேன் எங்களுடையது. ஒருநாள் காலையில், பேக்கரி வாசலில் வேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சரிந்து விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்றார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இதுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. பாதியிலேயே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

மாத்திரை ஒருவேளைகூடத் தவறக்கூடாது, ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேக்கரி முதலாளி நல்லவர்தான், ஆனால் பன் யாருக்காகவும் காத்திருக்காது. “மாசக் கடைசி வரைக்கும் வேற ஆளை வெச்சுச் சமாளிக்கிறேம்மா. அதுக்குள்ள நீ லைசென்ஸ் எடுத்துட்டா இந்தக் கடை லைன் உங்களுக்கே. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. வீட்டில் மிச்சம் இருந்தது என் இரண்டு கால்கள்தான்.

முதலில் கணவரே சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். காலி மைதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு “கிளட்ச்! கிளட்ச்! ஐயோ கிளட்ச்சுடி!” என்று அவர் கத்த, நான் அழ, என்னைப் பார்த்து அவரும் அழ, குடும்பம் பிழைக்க வேண்டுமென்றால் பயிற்சிப் பள்ளிக்குப் போவதே மேல் என்று முடிவெடுத்தோம்.

அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஓர் அக்கா இருந்தார். பிரேக் அக்கா என்று அவருக்குப் பெயர். ஐம்பதைத் தாண்டியவர், பருத்த உடம்பு, எந்நேரமும் கான்வாஸ் ஷூ. பயிற்சி வண்டியில் ஓட்டுநர் பக்கம் இருப்பது போக, அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. முதல் நாள் எஞ்சினை முடுக்குவதற்கு முன்னால் அவர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார்.

“என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்மா. நான் அதை மிதிச்சா ‘என் கால்’னு வாய்விட்டுச் சொல்லிடுவேன். சொல்லலைன்னா வண்டியை நிறுத்துனது நீதான். இது தெரியாம கத்துக்கிட்டா, வண்டி தானா நிக்கும்னு உனக்குப் பழகிடும். அப்புறம் தனியா ஓட்டுறப்போ யாரையாவது கொன்னுடுவே.”

“ரெண்டாவது என்னக்கா?” என்றேன்.

“நான் இயேசுவை நம்புறவ. அவரைப் பத்தி நாலு பேருகிட்ட சொல்லணும்னு எனக்கு ஆசை. ஆனா வண்டி ஓடுறப்போ வாயைத் திறக்க மாட்டேன். நீ ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே, எழுந்து போக வழி இல்ல. அப்படி உக்கார வெச்சு சொல்றது நியாயமில்ல. வகுப்பு முடிஞ்சு, எஞ்சினை அணைச்சு, உன் பக்கத்துக் கதவைத் திறந்து வெச்சப்புறம்தான் பேசுவேன். கேக்கப் பிடிக்கலைன்னா நீ பாட்டுக்கு இறங்கிப் போயிடு. கோவிச்சுக்க மாட்டேன்.”

நான் தினமும் இறங்கிப் போனேன். அவரும் தினமும் கதவைத் திறந்து வைத்தார், தினமும் “பாத்துப் போம்மா” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொல் தவறாதவர் என்பது வண்டிக்குள்ளேயே தெரிந்தது. நான் எதிலாவது முட்டப் போகும்போதெல்லாம் அவர் பக்கத்தில் டொக்கென்று ஒரு சத்தம், உடனே “என் கால்”. சந்து முனையில் “என் கால்”. தபால் பெட்டிக்கு முன்னால் “என் கால்”. ஒரு வகுப்பு முழுக்க அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனதும் உண்டு. வீட்டுக்குப் போனால் கணவர், “இன்னைக்கு யாரு ஓட்டுனது, நீயா அந்தக் காலா?” என்பார்.

ஒரே ஒருநாள் கொட்டுகிற மழை, கையில் குடை இல்லை. கதவு திறந்திருந்தும் இறங்க வழியில்லை. “சரி சொல்லுங்கக்கா, உங்க பாடு இன்னைக்கு யோகம்தான்” என்றேன். அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார். நாம் எல்லோரும் தப்புச் செய்கிறவர்கள், அதைத் திருத்த நம்மால் ஆகாது, அதற்காகவே இயேசு வந்து செத்தார், திரும்ப எழுந்தார், இப்போதும் உயிரோடு இருக்கிறார், அவரிடம் போகலாம். அவ்வளவுதான். ஒரு கதை இல்லை, கண்ணீர் இல்லை.

“நம்பினா என் வீட்டுக்காரருக்கு வலிப்பு நின்னுடுமா?” என்று கேட்டேன்.

“நிக்கலாம். நிக்காமலும் போகலாம். நிக்கும்னு நான் சொன்னா அது பொய். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கெடந்தப்போ நானும் ராப்பகலா ஜெபம் பண்ணினேன். போயிட்டாரு.”

“அப்போ எதுக்குக்கா நம்பணும்?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், மழை நின்றுவிட்டது, நான் இறங்கிவிட்டேன். கஷ்டம் தீராமலும் போகலாம் என்று சொல்லி ஆள் சேர்க்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். பாவம், வியாபாரம் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஓட்டுநர் தேர்வில் முதல் தடவை மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. இரண்டாம் தடவை ரிவர்ஸில் கம்பத்தை இடித்தேன். மூன்றாவது தடவைக்குத் தேதி கிடைத்தபோது மாதக் கடைசி வந்திருந்தது. அன்று காலை எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

“அக்கா, உங்க இயேசுகிட்ட சொல்லி இன்னைக்கு என்னைப் பாஸ் பண்ண வெச்சுடுங்க. பண்ணிட்டாருன்னா உங்க சபைக்கு நானே வரேன்.”

“பேரம் பேசாதேம்மா. நீ பாஸானாலும் ஆகலைன்னாலும் நான் உனக்காக ஜெபம் பண்ணத்தான் போறேன்.”

“ஆகலைன்னா அந்தப் பேச்சையே எடுக்காதீங்க” என்றேன். பயத்தில் எனக்கு வாய் நீளும்.

தேர்வின்போது அதிகாரி பின்சீட்டில் உட்காருவார். பயிற்சி கொடுத்தவர் வழக்கம்போல முன்னால், ஆனால் அவர் கால் பிரேக்கில் படக்கூடாது. பட்டால் தேர்வு அங்கேயே ரத்து. மேட்டில் ஏற்றிவிட்டேன். ரிவர்ஸும் எப்படியோ வந்துவிட்டது. கடைசியாகச் சாலையில் ஒரு சுற்று. பழைய பொருள் கடையைத் தாண்டி வளைவில் திரும்பியதும், சந்துக்குள்ளிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்கு உடம்பு முழுக்க உறைந்துபோனது. இடது கால் கிளட்சைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. வலது கால் அந்தரத்தில் நின்றது. எந்தப் பெடல் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. அந்த மனிதரின் நரைத்த பிடரி மட்டும் கண்ணாடி வழியாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

வண்டி நின்றது. தள்ளுவண்டிக்கும் எங்களுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்திருக்கும்.

“என் கால்” என்ற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அக்கா நேரே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. பின்னாலிருந்து அதிகாரி, “நல்லா நிறுத்துனீங்கம்மா. அப்படியே அலுவலகத்துக்கு விடுங்க” என்றார்.

அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “நான் மிதிக்கலக்கா! சத்தியமா மிதிக்கல. என் கால் அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்களும் ‘என் கால்’னு சொல்லல. அப்போ யாரு நிறுத்துனது? சொல்லுங்க, யாரு? உங்க இயேசுதானே?”

அக்காவின் வாய் திறந்தது, மூடியது. ஏதோ சொல்ல வந்தார். நான் விட்டால்தானே? கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். அது ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் வேறு ஆள். விடியும் முன் வேனை எடுத்து, கடை கடையாகப் பன் இறக்கி, ஒவ்வொரு கடைக்காரரிடமும் தள்ளுவண்டிக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நான்கு விரல் இடைவெளி இரண்டு விரலாயிற்று. வெயிலில் நின்று பன் கேட்டவர்களுக்குக்கூட இயேசு வண்டியை நிறுத்திய கதை கிடைத்தது. சபைக்கும் போக ஆரம்பித்தேன். அங்கே எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். இந்தப் பெரிய உலகத்தில், கால் எங்கே வைப்பதென்று தெரியாத ஒருத்தியை மேலேயிருந்து ஒருவர் கவனித்திருக்கிறார். என் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கவனித்ததில்லை.

அக்காதான் ஒரு மாதிரி ஆகிவிட்டார். நான் கதையை ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இளைத்துப்போயிருந்தார். “உன்கிட்ட கொஞ்சம் பேசணும்மா” என்பார், நான் “என்னக்கா?” என்றால் “அப்புறம் சொல்றேன்” என்பார். இதில் இன்னொரு கூத்து. என் கையில் லைசென்ஸ் இருந்தும் மைதானத்துக்கு வரச்சொல்லி, வேனை வேகமாக ஓட்டவிட்டு, திடீரென்று கை தட்டி “நிறுத்து!” என்பார். திரும்பத் திரும்ப அதையே செய்யச் சொன்னார். கெண்டைக்கால் வலித்தது.

“எனக்கு எதுக்குக்கா இது? நிறுத்துறதுக்குத்தான் ஆள் இருக்காரே” என்று சிரித்தேன்.

“நிறுத்து!” என்று மறுபடியும் கை தட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் எழுந்து நின்று, எனக்கு நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். அக்கா தன் காரில் என்னைக் கூட்டிப்போக வந்தார். நான் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல துணி உடுத்தி, சொல்லப்போவதை மனப்பாடம் செய்துகொண்டு ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் அந்தச் சந்தோஷத்திலேயே சொன்னேன்.

“அக்கா, இன்னொரு சாட்சியும் ரெடியாகிக்கிட்டு இருக்கு. அவருக்கு மாத்திரையை நிறுத்திட்டோம்.”

“யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரருக்குத்தான். அந்த மாத்திரை போட்டா நாள் முழுக்கத் தூங்கி வழியிறாரு. ஓடுற வண்டியை நிறுத்துனவருக்கு வலிப்பை நிறுத்தத் தெரியாதான்னு நான்தான் சொன்னேன். இவருக்கும் அது வசதியாப் போச்சு. ‘உன் சாமியை எனக்கு இப்பத்தான் பிடிச்சிருக்கு’ங்கிறாரு. நேத்துக் காலையிலேருந்து போடல. ஒண்ணும் ஆகல.”

அக்கா காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். என் மேல் சாய்ந்து கையை நீட்டி, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

“என் கால்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. கார் நின்றுகொண்டுதானே இருக்கிறது என்று முட்டாள்தனமாகக் கீழே குனிந்து பார்த்தேன்.

“அன்னைக்குத் தேர்வுல. தள்ளுவண்டி வந்தப்போ. வண்டியை நிறுத்துனது என் கால்மா. நெனச்சுச் செய்யல, இத்தனை வருஷமா பழகுன கால், தானா போயிடுச்சு. மெதுவா மிதிச்சுட்டேன் போல, சத்தம் வரல. பின்னாடி அதிகாரி இருந்தாரு. ‘என் கால்’னு சொன்னா உன் தேர்வு போயிடும், உன் லைன் போயிடும், வீட்டுல உன் வீட்டுக்காரர் அப்படி இருக்காரு. வாய் வரல. அப்புறம் நீ இறங்கி, இயேசு நிறுத்துனாருன்னு சொன்னே. அய்யோ, உன் முகத்தைப் பாத்துட்டு என்னால முடியல. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிடணும்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் நீ இன்னும் கொஞ்சம் நம்பிட்டே.”

முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. என் கணவரின் முகம் வந்தது. காலையில் நான் கிளம்பும்போது வேனைக் கழுவப் போகிறேன் என்று சொன்னார். மேலே ஏறித்தான் கழுவுவார்.

“அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்று கேட்டேன். “இத்தனை நாள் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தீங்களே, அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான் யார் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்துனேன்? உங்க பேச்சைத்தானே!”

“உன்னைக் கார்லயே வீட்டுல விட்டுடுறேன், உக்காரும்மா...”

“உங்க வண்டியில இனிமே கால் வைக்க மாட்டேன்.”

கதவு திறந்துதான் இருந்தது. இறங்கி ஓடினேன். நல்ல துணி தடுக்க, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு தெரு முனையிலும், அடுத்த முனை திரும்பினால் வாசலில் கூட்டம் நிற்கும் என்று தோன்றியது. எங்கள் தெருவில் கூட்டம் இல்லை. அவர் வேனின் கூரை மேல் நின்றுகொண்டு, பாட்டுப் பாடியபடி, ஈரத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். வழுக்குகிற சோப்புத் தண்ணீர் அவர் காலடியில் ஓடியது.

“கீழ இறங்குங்க” என்றேன். கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாரோ என்று மெதுவாகத்தான் சொன்னேன். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியை விட்டுத் தரையில் நின்றபிறகு அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். மாத்திரையை என் கையாலேயே வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் அன்று அக்காவே எழுந்து நின்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார். சபையில் பாதிப் பேர் அவரிடம் பேசவில்லையாம். மறுநாள் ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டார். என் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், மறுபடி ஓட்டிக் காட்டு என்கிற மாதிரி ஒரு தேதி கொடுத்தார்கள். அக்காவின் பயிற்சி அனுமதி விசாரணையில் இருந்தது. முடிவு வரும்வரை வேலை பார்க்கலாம், அதற்கப்புறம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பேக்கரி முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு, “தேர்வு வரைக்கும் வேற ஆளை வெச்சுக்கிறேம்மா. அதுக்கு மேல கேக்காதே” என்றார்.

லைசென்ஸ் போனதைவிட இன்னொன்று எனக்கு வலித்தது. மேலேயிருந்து ஒருவர் பார்த்தார் என்று நினைத்திருந்தேனே, அங்கே யாரும் இல்லை, பக்கத்து சீட்டில் ஒரு கான்வாஸ் ஷூதான் இருந்திருக்கிறது. ரோட்டில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னேனே என்று நினைத்தால் உடம்பு கூசியது. அக்கா போன் செய்தால் எடுக்கவில்லை. வாசலுக்கு வந்தார், கதவைத் திறக்கவில்லை. திறக்காத கதவுக்கு வெளியே நின்று, “மாத்திரை போட்டாரா?” என்று மட்டும் கேட்டார். என் கணவர் உள்ளேயிருந்து, “போட்டேங்க” என்று பள்ளிப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். அக்கா போய்விட்டார்.

தேர்வு நெருங்க நெருங்க என் கால் நடுங்க ஆரம்பித்தது. வேனில் சும்மா உட்கார்ந்தாலே நடுங்கியது. இத்தனை நாள் ஓட்டியது நான்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. வேறு பள்ளியில் சேர்ந்துவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் பன் ட்ரேக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சேரு. ஆனா ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதே. வேலை நடந்து முடிஞ்சப்புறம், யாருக்கும் தெரியாதுன்னு ஆனப்புறம், தானா வந்து ‘அது நான்’னு சொல்ற ஆளை நீ இதுவரைக்கும் பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல. ட்ரேயைக் கவுத்துட்டு எத்தனை தடவை பூனை மேல பழி போட்டிருக்கேன்.”

“லேட்டா சொன்னாங்க.”

“லேட்டாத்தான் சொன்னாங்க. பூனை இன்னும் பழியைச் சுமந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

எனக்கு மைதானம் ஞாபகம் வந்தது. கை தட்டல், “நிறுத்து”, மறுபடி கை தட்டல். அந்த வாரங்களில் ஒருநாள் ரொட்டிக் கடை முனையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது, நான் நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் அப்போது ட்ரேதான் இருந்தது. நான் அதையும் இயேசு கணக்கில் எழுதிவிட்டேன். அதை நிறுத்தியது யார் கால்?

அக்காவுக்கு நானே போன் செய்தேன். “தேர்வுக்கு நீங்கதான் பக்கத்துல உக்காரணும். வேற எதுவும் பேசக்கூடாது” என்றேன்.

“சரிம்மா” என்றார்.

அதே அதிகாரி. இந்தத் தடவை அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. “இன்னொரு தடவை கால் பட்டுச்சு, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லிப் பின்னால் ஏறினார். மேட்டில் ஏற்றினேன். ரிவர்ஸ் எடுத்தேன். சாலையில் இறங்கினேன். பழைய பொருள் கடை வந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எஞ்சின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. வளைவில் திரும்பினேன். சந்தில் யாரும் இல்லை.

மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து, ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு பட்டென்று திறந்து, போனில் பேசிக்கொண்டே ஒரு பெண் நடு ரோட்டில் காலை வைத்தாள்.

வண்டி குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்துபோனது. அந்தப் பெண் திகைத்து நின்று, கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

நான் காத்திருந்தேன். “என் கால்” வரவில்லை. என் வலது கால் பிரேக்கை மிதித்தபடி மரத்துப்போயிருந்தது. மெதுவாக இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பெரிய உடம்பை எப்படியோ சுருக்கி, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இறுக்க மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் வண்டியை எடுத்ததிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது, சீட்டு நுனியின் தடம் பதிந்திருந்த அவர் குதிகாலைப் பார்த்தபோது தெரிந்தது.

“ஸ்டார்ட் பண்ணுங்கம்மா” என்றார் அதிகாரி. அவர் குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

அலுவலக வாசலில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அக்கா காலைக் கீழே இறக்க முடியாமல் ஒவ்வொரு காலாகக் கையால் பிடித்து இறக்கினார். மரத்துவிட்டதாம்.

“அப்படி என்னக்கா வேண்டுனீங்க? அந்தப் பொண்ணு மேல மோதக் கூடாதுன்னா?”

“அதைக் கேக்க எங்க நேரம்? என் கால் கீழ இறங்கிடக் கூடாதுன்னு வேண்டுனேன். முதல்லேருந்து கடைசி வரைக்கும் அது ஒண்ணுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்றும் தெரிந்தது. நாளைக்குப் பன் இறக்கலாம். அவருக்கு வலிப்பு நாளைக்கே வரலாம், வராமலும் இருக்கலாம். அக்காவுக்கு இந்த வேலை அடுத்த மாதம் இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. எதுவும் சரியாகிவிடவில்லை. ஆனாலும் மழை நாளில் நான் கேட்டுவிட்டு இறங்கிப்போன கேள்வி அப்படியே இருந்தது.

எஞ்சினை அணைத்தேன். கையை நீட்டி என் பக்கத்துக் கதவை நானே திறந்து வைத்தேன். வெளியே வெயில், வரிசையில் நிற்கிறவர்கள், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். அக்கா ஷூவைப் போட்டுக்கொண்டே, நான் இறங்குவதற்காகக் காத்திருந்தார்.

“அவருக்கு வலிப்பு நிக்காமலே போயிடுச்சுன்னா?” என்றேன். “அப்பவும் எதுக்குக்கா நம்பணும்? அன்னைக்கு விட்ட இடத்துலேருந்து சொல்லுங்க.”

அக்கா ஷூ நாடாவைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, திறந்திருந்த கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இறங்கவில்லை.